மட்கிய கட்டை இருட்டில் ஒளிர்வது: நெல்லைப் பக்கம் எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது?

தோப்புக்காரன் | 18 ஜூன் 2025

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொதிகை மலைக் காடாம், மரமெல்லாம் நீல வெளிச்சம். "பாபநாசத்துக்கு மேலே ராத்திரி போனால் யாரும் பார்க்கலாம், பாஸ்பரஸ் மரம்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். படம் புளுகு என்று பார்த்ததும் தெரிகிறது. ஆனால் மட்கிய கட்டை ஒளிரும் என்று மேக்கரைப் பக்கம் வயசாளிகளும் சொல்கிறார்கள். அது எந்த மரம், எந்த மாதம்? காட்டுக்குள் போகாமல் பார்க்க வழி உண்டா?

கல்லிடை | 18 ஜூன் 2025

மரம் ஒளிர்வதில்லை அண்ணாச்சி. மரத்தைத் தின்கிற பூஞ்சைதான் ஒளிர்கிறது. பாஸ்பரஸுக்கு இதில் வேலையே கிடையாது. நிறமும் நீலம் கிடையாது, பச்சை. 520 முதல் 530 நானோமீட்டருக்குள் உச்சம். நீலத்தில் காடு முழுக்க எரிகிற படம் வந்தால் கணினியில் செய்தது என்று தள்ளிவிடலாம்.

"எந்த மரம்" என்று தேடினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்த அழுகல் என்று பாருங்கள். ஒளிரும் பூஞ்சைகள் நூறு இனத்துக்கு மேல் தெரியும். பெரும்பாலும் வெள்ளை அழுகல் உண்டாக்குகிறவை, அதாவது மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினையும் சேர்த்துத் தின்பவை. தின்றபின் கட்டை வெளுத்து, நார் நாராக, பஞ்சு மாதிரி ஆகும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும், இழுத்தால் இழையாகப் பிரியும். பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் பொடியாகிறது என்றால் அது பழுப்பு அழுகல். அதில் ஒளி தேடாதீர்கள். கரையான் அரித்து மண் நிறைந்த கட்டையும் வேண்டாம்.

அடுத்தது ஈரம். கையால் பிழிந்தால் விரல் நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஓடைக்குள் கிடந்து ஊறிய கட்டையில் காற்று புகாது, காற்றில்லாமல் ஒளி இல்லை. மேல்பக்கம் காய்ந்து, தரையை ஒட்டிய பக்கம் ஈரமாக, பட்டை பாதி கழன்ற கட்டைதான் நல்ல கட்டை. பட்டைக்கு உள்பக்கமும் அதன் கீழே உள்ள வெளிறும்தான் (வைரம் ஏறாத மரம்) முதலில் பார்க்க வேண்டிய இடம். வைரம் பாய்ந்த நடுமரம் கடைசியில்தான் இளகும்.

மாதம்: செங்கோட்டை, புளியரை, மேக்கரை, குற்றாலம் என்றால் ஆனி ஆடிச் சாரல். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி அடிவாரம் என்றால் ஐப்பசி கார்த்திகை அடைமழை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மேட்டில் இரண்டு மழையும் உண்டு. மழை தொடங்கிய உடனே ஓடாதீர்கள். கட்டை உள்வரை ஊறவும் பூஞ்சை இழை புதிதாக ஓடவும் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஏர்வாடி | 19 ஜூன் 2025

எல்லாம் சரி வே, ராத்திரி எங்கே போய்ப் பார்க்க? முண்டந்துறை செக்போஸ்ட்டில் "அண்ணே, கட்டை பார்க்கப் போறேன்" என்றால் நம்மளைத்தான் கட்டையால பார்ப்பாங்க.

கல்லிடை | 19 ஜூன் 2025

போகவே வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். உள்ளிருந்து ஒரு சுள்ளி எடுத்து வந்தாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், இந்த வேலைக்கு டார்ச்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். யானை நடமாடும் இடத்தில் அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது.

பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான இனங்கள் பகலிலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சூரிய வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே ராத்திரிக் காடு தேவையில்லை. இருட்டு அறை போதும். சொந்தத் தோப்பில் பகலில் கட்டையைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடி அளவு துண்டுகளாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மா, பலா, முருங்கை, இலவம், ரப்பர், பாக்கு, மூங்கில், எதுவானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டையில் எந்தப் பக்கம் என்று சீட்டு போட்டு, ஈரத்துணியில் சுற்றி, மூடாத பையில் வையுங்கள். ஜன்னல் இல்லாத சாமான் அறையோ குளியலறையோ, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, ஹீட்டர் விளக்கு, சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் அணைத்து உட்காருங்கள்.

ஒன்றும் தெரியாவிட்டால் உடனே தூக்கி எறிய வேண்டாம். வெட்டியதும் மங்கும் இழை, ஈரத்தில் ஒரு நாள் கிடந்தால் வெட்டுவாயில் திரும்பவும் ஓடும். மறுநாள் அதே துண்டு தெரியலாம்.

தோப்புக்காரன் | 27 ஜூன் 2025

பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். பலாக் கட்டை, மாங்கட்டை, மூங்கில் வேர்க்கட்டை. மூன்றும் கருப்பு. டார்ச் அடித்து "சார்ஜ்" ஏற்றிப் பார்க்கலாமா?

இருட்டறை | 27 ஜூன் 2025

பத்து நிமிடம் போதாது. கண்ணில் பகல் வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். ஆனால் இந்த ஒளியைப் பிடிக்கிறவை கோல் செல்கள். அவற்றுக்கு 25, 30 நிமிடம் முழு இருட்டு வேண்டும். நடுவில் ஒருதடவை மொபைலைத் திருப்பிப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளிச்சம் கட்டாயம் வேண்டுமென்றால் நல்ல அடர்சிவப்பு விளக்கு. வெள்ளை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒரு சுற்று சுற்றினால் பற்றாது, நாலைந்து மடிப்பு வையுங்கள்.

நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நட்ட நடுவில் கோல் செல்களே இல்லை. துண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பார்வையை வைத்தால் ஓரக்கண்ணில் தெரியும், நேராகத் திரும்பினால் மறையும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதை மனப்பிரமை என்று விட்டுவிடுகிறார்கள். பிரமையா என்று அறிய, துண்டை இன்னொருவர் இடம் மாற்றி வைக்கட்டும், நீங்கள் கைகாட்டுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தெரிந்தால் ஒளிதான்.

பச்சையாகத் தெரியும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. மங்கலான கட்டை சாம்பல் வெள்ளையாக, நிலா வெளிச்சம் விழுந்த மாதிரிதான் இருக்கும். நல்ல பிரகாசமான கட்டையில்தான் பச்சை எட்டிப்பார்க்கும். கேமராவுக்கு அந்தக் குறை இல்லை, அதனால்தான் படத்தில் எல்லாம் மரகதம்.

டார்ச் அடித்தால் ஏறாது. அது ரேடியம் ஸ்டிக்கர் வேலை. இது வேதிவினை, உள்ளேயே நடப்பது. டார்ச் அடித்தால் உங்கள் கண்தான் கெடும்.

தோப்புக்காரன் | 2 ஜூலை 2025

மூங்கில் தெரிகிறது! வேர்க்கட்டையின் கணுப் பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு. பலாவும் மாவும் இன்னும் கருப்புதான்.

தென்னந்தோப்பு மட்டைக் குவியலிலும் வெளிச்சம் பார்த்தேன், ஆனால் அது நகர்ந்தது.

கல்லிடை | 2 ஜூலை 2025

நகர்ந்தது மின்மினிப் புழு. சில இனங்களில் சிறகில்லாத பெண் பூச்சியும் தரையில் கிடந்தே ஒளிரும். தொட்டால் அணைந்து கொஞ்சம் கழித்து எரியும், புள்ளி புள்ளியாக இருக்கும். பூஞ்சை ஒளி நகராது, விட்டு விட்டு எரியாது, தொட்டாலும் அணையாது, மரத்தின் நார் போகிற போக்கில் கோடு கோடாகப் படர்ந்திருக்கும். ஒளிரும் பூரானும் உண்டு, அதனால் இருட்டில் கண்டதையும் கையால் எடுக்காதீர்கள்.

மூங்கில் பிடித்தது நல்ல விஷயம். ஒளிரும் பூஞ்சைக்கு மூங்கில் ரொம்பப் பிடித்த இடம். மேகாலயாவில் 2020இல் புதிதாகப் பெயரிட்ட ரோரிடோமைசிஸ் ஃபைலோஸ்டாகிடிஸ் செத்த மூங்கிலில்தான் முளைக்கிறது. அதில் காம்பு மட்டும் ஒளிரும், குடை ஒளிராது.

ஏர்வாடி | 20 ஜூலை 2025

வர்ற வியாழன் ஆடி அமாவாசை. வருசத்திலேயே சாரலும் இருட்டும் சேர்ந்து அமையுற ராத்திரி. அன்னைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மொத்த நெல்லையும் வந்து டியூப்லைட்டு கட்டி, வேன் ஹெட்லைட்டு போட்டு நிற்கும். பூஞ்சை நம்மளைப் பார்த்துத்தான் "ஆஹா, ஒளிருதே"ன்னு சொல்லும்.

இருட்டறை | 25 ஜூலை 2025

படம் எடுப்பது பற்றிக் கேட்டு தனிச்செய்தியாகவே வருகிறது. இங்கேயே போடுகிறேன்.

முக்காலி கட்டாயம். ஃபோகஸை முதலில் டார்ச் வெளிச்சத்தில், திரையைப் பெரிதாக்கி, கையால் வைத்துவிட்டு லென்ஸில் ஆட்டோவை அணையுங்கள். வளையத்தின் மேல் சிறு டேப் ஒட்டினால் கைபட்டுத் திரும்பாது. அப்புறம் டார்ச்சை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

தொடக்க அளவு: லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 2 நிமிடம். 30 நொடிக்கு மேல் போக, நாமே மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் 'பல்ப்' முறையும் ரிமோட்டும் வேண்டும். சின்னக் காளானைக் கிட்டத்தில் எடுத்தால் எஃப் 2.8இல் குடையின் முன்விளிம்பு மட்டும்தான் தெளிவாக இருக்கும். 5.6க்கு மூடினால் வெளிச்சம் நாலில் ஒன்று, ஆக 2 நிமிடம் 8 நிமிடமாகும். நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் கேமரா பச்சையைக் குற்றமாக நினைத்துக் கழுவிவிடும். 4000 கெல்வின் பக்கம் நிறுத்தி, கேமரா திருத்தாத 'ரா' கோப்பாக எடுங்கள்.

கெட்டுப்போவதற்கான காரணங்கள்:

சென்சர் சூடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் 8 நிமிடப் படத்தில் சிவப்பு நீலப் புள்ளிகள் மழையாகப் பெய்யும். நீண்ட வெளிப்பாட்டு இரைச்சல் நீக்கத்தைப் போட்டால் கேமரா இன்னொரு 8 நிமிடம் ஷட்டர் மூடிய படம் எடுத்துக் கழிக்கும். அதைக் கேமரா தொங்கிவிட்டது என்று நினைத்துப் பாட்டரியைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஒரே 8 நிமிடத்துக்குப் பதில் நாலு 2 நிமிடப் படங்களை அடுக்கிச் சேர்ப்பதும் வழி.

வ்யூஃபைண்டர். கண்ணாடிக் கேமராவில் கண் வைக்கும் ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே புகும், மூடுங்கள். கேமராவில் மினுக்கும் சிவப்பு விளக்கின் மேலும் கருப்பு டேப்.

ஆவி. ஏசி அறையிலிருந்து நேராகச் சாரலுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் பூத்துவிடும். பையை மூடியபடியே வெளியே அரைமணி வைத்து அப்புறம் திறங்கள்.

மொபைலிலும் வரும். இரவு முறையில் முக்காலி வைத்தால் நேரத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் மாடல்கள் போதும். அல்ட்ரா வைடு லென்ஸை விட்டுவிட்டு முதன்மை லென்ஸில் எடுங்கள்.

கல்லிடை | 26 ஜூலை 2025

ஒரு சேர்க்கை. படத்தோடு எத்தனை நிமிடம், என்ன ஐஎஸ்ஓ என்று போடுங்கள். 10 நிமிடம் திறந்து வைத்தால் எந்த மங்கலும் தீபாவளிதான். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிஜக் கட்டையைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். புற ஊதா டார்ச் அடித்து எடுத்த படமும் வேறு ரகம். பல காளான்கள் அதில் மின்னும், டார்ச்சை அணைத்தால் நின்றுவிடும். அது சுய ஒளி இல்லை.

தோப்புக்காரன் | 9 ஆகஸ்ட் 2025

மூங்கில் துண்டை டிபன் டப்பாவில் ஈரத்துணியோடு போட்டு இறுக்க மூடி வைத்திருந்தேன். இரண்டு நாளில் ஒளி போய்விட்டது. செத்துவிட்டதா?

மரத்தூள் | 9 ஆகஸ்ட் 2025

மூடியைத் திறந்து ஒருமணி நேரம் விடுங்கள், முதலில் அதைப் பாருங்கள். பூஞ்சையும் துணியில் உள்ள கிருமிகளும் டப்பாவில் இருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். இது பழைய பாடம். ராபர்ட் பாயில் 1667இலேயே ஒளிரும் கட்டையைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார், ஒளி அணைந்தது. காற்றை விட்டதும் திரும்ப வந்தது. ஆக்சிஜன் என்ற பொருளையே யாரும் கண்டுபிடிக்காத காலம்.

வைக்கும் முறை: அடியில் ஒரு அங்குலம் கழுவிய தேங்காய் நார்த்தூள். புதுத் தூளில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீர் மாற்றுங்கள். பிழிந்து பரப்பி, அதன்மேல் துண்டு. மூடியில் நாலு ஓட்டை, ஓட்டையில் பஞ்சு. குழாய்த் தண்ணீர் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆற்றித் தெளியுங்கள். துண்டின்மேல் பீய்ச்சாமல் நார்த்தூளில் தெளித்தால் போதும். மேலே தண்ணீர்ப் படலம் நின்றால் பாக்டீரியா வழவழப்பு வரும்.

சூடு 22 முதல் 27 டிகிரி நல்லது. மைசீனா குளோரோபாஸ் என்ற வெப்பமண்டலக் காளானுக்கு ஒளி உச்சம் 27 டிகிரியில். பிரிட்ஜில் வைத்தால் மங்கும், ஆனால் சாகாது, வெளியே எடுத்தால் சில மணி நேரத்தில் திரும்பும். குளிர் மங்கலால் ஒரு போர்க்கருவியே திணறியது. 1775இல் அமெரிக்காவில் டேவிட் புஷ்னெல் கட்டிய டர்ட்டில் நீர்மூழ்கியில் திசைகாட்டியும் ஆழமானியும் தெரிய ஒளிரும் மரத்துண்டுதான் ஒட்டியிருந்தார்கள். பனிக்காலம் வந்ததும் அது எரியவில்லை.

நமக்குப் பிரச்சினை எதிர்த்திசையில். அம்பாசமுத்திரத்துச் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35ஐத் தாண்டும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் மணல், மணலில் தினம் தண்ணீர். தாழ்வாரத்தில் காற்றோட்டமாக வைத்தால் சில டிகிரி இறங்கும். காற்றே ஈரமாக இருக்கும் குற்றாலத்தில் சாரல் காலத்தில் இது வேலை செய்யாது, அப்போது தேவையும் இல்லை.

தோப்புக்காரன் | 10 ஆகஸ்ட் 2025

திரும்பிவிட்டது. கணுவில் முன்பைவிடப் பிரகாசம். வெட்டுவாயில் பச்சைப் பொடி மாதிரி ஒன்று வருகிறதே?

மரத்தூள் | 10 ஆகஸ்ட் 2025

டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை. காளான் பண்ணைக்காரர்களின் முதல் எதிரி. பச்சை தெரிந்த இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி வெட்டி எறியுங்கள், வீட்டுக்கு வெளியே. துடைக்காதீர்கள், வித்து பறக்கும்.

ஏர்வாடி | 3 செப்டம்பர் 2025

சித்தப்பா வீட்டுத் தென்னந்தோப்பில் பட்ட மரத்தடியில் சிப்பிக்காளான் மாதிரி அடுக்கடுக்காக முளைச்சிருக்கு. ராத்திரி லேசா ஒளி இருக்காம். "வெளிச்சம் இருக்கிறதால விஷம் இருக்காது, கறி வைக்கலாம்"னு ஒருத்தர் சொல்றார்.

கல்லிடை | 3 செப்டம்பர் 2025

தொடாதீர்கள். ஒளிக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆம்ஃபலோட்டஸ் என்ற காளான் பேரினத்தில் பல இனங்கள் ஒளிரும், அவற்றில் இலூடின் என்ற நச்சு உண்டு. சமைத்தால் போகாது, கடும் வாந்தி பிடிக்கும். ஜப்பானில் ஒளிரும் ஆம்ஃபலோட்டஸைச் சிப்பிக்காளான் என்றும் ஷிடாகே என்றும் நினைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமான கதை. இடி இடித்ததும் நம் ஊரில் பறிக்கும் புற்றுக்காளான் கரையான் புற்றிலிருந்து வருவது, அது ஒளிராது. மரத்தில் முளைத்து இருட்டில் ஒளிர்வது எதுவானாலும் பார்க்க மட்டும்.

சித்தப்பாவிடம் இப்போதே சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம்.

ஏர்வாடி | 3 செப்டம்பர் 2025

சொல்லியாச்சு. குழம்பு முட்டைக்கு மாறியாச்சு.

தோப்புக்காரன் | 14 செப்டம்பர் 2025

சதுரகிரிப் பக்கம் சோதிப்புல், சோதி விருட்சம் என்று பேச்சு உண்டே. ஈரத்துணி சுற்றினால் இருட்டில் எரியும், காய்ந்தால் அணையும் என்கிறார்கள். அதுவும் இதுதானா?

கல்லிடை | 15 செப்டம்பர் 2025

புல் எதுவும் தானாக ஒளிர்வதில்லை. செத்த புல்வேரிலும் கிழங்கிலும் பூஞ்சை இழை ஓடியிருந்தால் அந்த வேர் ஒளிரும். "காய்ந்தால் அணையும், நனைத்தால் எரியும்" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒளிரும் சில பூஞ்சைகள் அப்படித்தான் நடக்கின்றன. பானெல்லஸ் ஸ்டிப்டிகஸ் என்ற காளானைக் காயவைத்து நனைத்தால் ஒளி திரும்பும். ஆக அந்தப் பேச்சுக்குப் பின்னால் யாரோ கண்ணால் கண்டது இருக்கலாம். அதை ஐயாயிரம் ரூபாய்க்கு விற்பவர்களிடம் வாங்கத் தேவையில்லை. ஈரத்துணி சுற்றி இருட்டறையில் வைத்து முதலில் காட்டச் சொல்லுங்கள்.

மரத்தூள் | 15 செப்டம்பர் 2025

பானெல்லஸிலும் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்க வகை நன்றாக ஒளிரும், ஐரோப்பாவில் உள்ள அதே இனம் ஒளிராது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒளி நிச்சயம் என்று நினைக்க முடியாது. ஃபைலோபொலிடஸ் மானிபுலாரிஸ் என்ற காளானும் அப்படித்தான், சில இடத்தில் ஒளிரும், சில இடத்தில் இல்லை. குடைக்குக் கீழே செதிள் இதழ்களுக்குப் பதில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் அதுவாக இருக்கலாம். 2024இல் காசர்கோட்டு ராணிபுரம் காட்டில் அது பதிவானது. மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

இருட்டறை | 6 அக்டோபர் 2025

பூஞ்சை ஏன் ஒளிர்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

கல்லிடை | 6 அக்டோபர் 2025

"எப்படி" என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. "ஏன்" என்பதில் சண்டை ஓயவில்லை.

எப்படி: பூஞ்சையில் காஃபிக் அமிலத்திலிருந்து ஹிஸ்பிடின் என்ற பொருள் உண்டாகிறது. ஒரு நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்தால் அதுதான் எரிபொருள், லூசிஃபெரின். லூசிஃபெரேஸ் என்ற இன்னொரு நொதி அதை ஆக்சிஜனோடு சேர்க்கும்போது பச்சை ஒளி வெளிவருகிறது. மிஞ்சுவதை மூன்றாவது நொதி திரும்பக் காஃபிக் அமிலமாக மாற்றிவிடும், சுற்று மறுபடி ஓடும். எரிபொருள் எது என்று 2015இலும், நியோனோதோபானஸ் நம்பி என்ற இனத்திலிருந்து மரபணுக்கள் 2018இலும் வெளியாயின. 2020இல் அந்த மரபணுக்களைப் புகையிலைச் செடியில் புகுத்தி முழுச்செடியும் ஒளிரச் செய்தார்கள். 2024இல் அமெரிக்காவில் ஒளிரும் பெட்டூனியா பூச்செடியாக விற்பனைக்கே வந்துவிட்டது.

ஏன்: பிரேசிலின் நியோனோதோபானஸ் கார்ட்னெரி பற்றி 2015இல் ஓர் ஆய்வு. அதன் ஒளி நாளொழுங்குக் கடிகாரப்படி இரவில் கூடுகிறது. காளான் மாதிரி அக்ரிலிக் பொம்மை செய்து பச்சை எல்.இ.டி. வைத்தால் வண்டும் ஈயும் கூடுதலாக வந்து ஒட்டின. ஆக, வித்தைப் பரப்பப் பூச்சியை அழைக்கிறது என்றார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவின் ஆம்ஃபலோட்டஸ் நிடிஃபார்மிஸில் பொறி வைத்துப் பார்த்தபோது ஒளிக்குப் பூச்சி வரவில்லை. எனக்குத் தோன்றுவது, எல்லா இனத்துக்கும் ஒரே காரணம் தேட வேண்டியதில்லை. மரத்துக்குள்ளே புதைந்த இழை எந்தப் பூச்சியை அழைக்கப்போகிறது?

நான் ஜூனில் "பெரும்பாலான இனங்கள் பகலிலும்" என்று எழுதியது இதனால்தான். இரவில் கூடும் இனமும் உண்டு. பகலில் இருட்டறையில் மங்கலாகத் தெரிந்த துண்டை ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒருதடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏர்வாடி | 7 அக்டோபர் 2025

காஃபிக் அமிலமா? அப்போ கட்டைமேல ஒரு டம்ளர் ஃபில்டர் காபி ஊத்தினா?

மரத்தூள் | 7 அக்டோபர் 2025

காபியில் அந்த அமிலம் வேறு வடிவில் உண்டு, காஃபீன் வேறு பொருள். ஊற்றினால் சர்க்கரைக்கும் பாலுக்கும் டிரைக்கோடெர்மாவும் எறும்பும்தான் வரும். நீங்களே குடியுங்கள்.

தோப்புக்காரன் | 2 நவம்பர் 2025

மூங்கில் துண்டு சத்து தீர்ந்து சுருங்குகிறது. அந்தப் பூஞ்சையைத் தனியாகப் பிரித்து வளர்க்க முடியுமா? வெளிநாட்டு வித்து வாங்க மனசில்லை.

மரத்தூள் | 4 நவம்பர் 2025

வெளிநாட்டு வித்து வேண்டாம் என்பது சரி. உயிருள்ள பூஞ்சையை இறக்குமதி செய்ய அரசு அனுமதி வேண்டும், நம் காட்டு விளிம்பில் புது இனத்தை அவிழ்த்துவிடவும் கூடாது. இருப்பதையே பிரியுங்கள்.

ஊடகம், அதாவது பூஞ்சை வளர்க்கும் கூழ், கால் லிட்டருக்கு: தோல் சீவிய உருளைக்கிழங்கு 50 கிராம் சின்னத் துண்டாக்கி அரைமணி வேகவைத்து, மசிக்காமல் வடிகட்டிய தண்ணீர். மருந்துக்கடை வெறும் குளுக்கோஸ் 5 கிராம், ஆரஞ்சுச் சுவை போட்டது ஆகாது. அகர் பொடி 5 கிராம். கடல்பாசி என்று மளிகையில் கிடைப்பதும் அகர்தான், ஆனால் இறுகும் பலம் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி இறுகுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கால்பங்கு கூட்டுங்கள்.

பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடி தளர, மேலே அலுமினியத் தாள். பிரஷர் குக்கரில் தட்டு வைத்து இரண்டு அங்குலம் தண்ணீர். வெயிட் தூக்கத் தொடங்கியதும் சிம்மில் 20 நிமிடம். விசில் எண்ணிக்கையை வைத்து எதுவும் கணக்கிட முடியாது, கடிகாரம்தான் கணக்கு. அடுப்பை அணைத்தபின் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் ஊடகம் பொங்கி மூடியை நனைக்கும், அந்த ஈரத்தின் வழியாகக் கிருமி ஏறும். தானாக ஆறி, பாட்டிலைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்தபின் மூடியுள்ள சின்ன வளர்ப்புத் தட்டில் (பெட்ரி தட்டு) ஊற்றுங்கள்.

ஊற்றும் இடம்: ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு கை ஓட்டை. உள்ளே 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் நெருப்பு கொண்டுபோகக்கூடாது, ஸ்பிரிட் ஆவி பற்றிக்கொள்ளும். கத்தியை வெளியே சிவக்கக் காய்ச்சி, ஆறியபின் உள்ளே எடுங்கள்.

துண்டு: ஒளிர்ந்த கணுவைப் பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் சில்லு. வெளிமேற்பரப்பிலிருந்து எடுத்தால் பச்சைதான் வளரும். வீட்டு பிளீச் 4 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். அதில் ஒரு நிமிடம், பிறகு குக்கரில் வைத்த தண்ணீரில் இரண்டு அலசல், குக்கரில் வைத்த தாளில் ஒற்றி, தட்டுக்கு மூன்று சில்லு. பத்துத் தட்டு போடுங்கள், ஒன்றிரண்டு தேறினால் நல்ல காரியம். ஓரத்தில் டேப், தலைகீழாக, 25 டிகிரி பக்கம்.

இருட்டறை | 5 நவம்பர் 2025

பிரிக்கும்போது எந்த விளிம்பு ஒளிர்கிறது என்று இருட்டில் தெரியும், வெளிச்சத்தில் தெரியாது. அதனால் கண் பழகியபின் தட்டின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் ஒளிர்கிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டபின் அந்தக் கோட்டுக்குள் மட்டும் வெட்டி எடுங்கள்.

தோப்புக்காரன் | 15 நவம்பர் 2025

ஒரு தட்டில் இரண்டு நாளில் வெள்ளைப் பஞ்சு தட்டையே நிரப்பிவிட்டது. இன்னொன்றில் மூன்றாவது சில்லைச் சுற்றி மட்டும் மெல்லிய வட்டம், மிக மெதுவாக. எதை எடுக்க?

மரத்தூள் | 15 நவம்பர் 2025

இரண்டு நாளில் நிரப்பியது ரொட்டிப் பூஞ்சை, எறியுங்கள். திறக்காமல் அப்படியே குக்கரில் வைத்து வேகவைத்து எறியுங்கள். மெதுவான வட்டம்தான் நம்பிக்கை தருவது. ஒளி வருகிறதா என்று இரவில் பாருங்கள். வட்டம் நாணய அளவு ஆனபின் ஒளிரும் ஓரத்திலிருந்து ஒரு சில்லைப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு மாற்றில் சுத்தமாகும். அதற்குமேல் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் ஒளி மங்கிப்போகும். அதனால் சீக்கிரம் மரத்தூளுக்கு ஏற்றிவிடுங்கள்.

ரப்பர் மரத்தூள் 80 பங்கு, தவிடு 20, சுண்ணாம்புப் பொடி 1. புளியரைப் பக்கச் சாமில்லில் ரப்பர் தூள் கிடைக்கும். தேக்குத் தூள் கலந்திருந்தால் வேண்டாம், அதன் எண்ணெய் இழையை ஓடவிடாது. கையில் இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் கூடுதல். கண்ணாடிப் பாட்டிலில் தளர நிரப்பி, பஞ்சு அடைத்து, வெயிட் தூக்கியபின் இரண்டு மணி நேரம். நடுவில் குக்கர் தண்ணீர் வற்றாமல் தொடக்கத்திலேயே கூடுதலாக ஊற்றுங்கள். முழுக்க ஆறியபின்தான் சில்லைப் போட வேண்டும், இளஞ்சூட்டில் போட்டால் இழை வெந்துவிடும்.

தோப்புக்காரன் | 19 நவம்பர் 2025

மெதுவான வட்டம் ஒளிர்கிறது. ஓரம் பிரகாசம், நடு மங்கல். நாளை அமாவாசை, படம் எடுக்கட்டுமா?

இருட்டறை | 19 நவம்பர் 2025

சாமான் அறைக்கு என்ன அண்ணாச்சி அமாவாசை, பௌர்ணமி? இன்றைக்கே எடுங்கள். மூடியைத் திறக்காமல், தட்டின் அடிப்பக்கம் வழியாக. எஃப் 2.8, 3200, 2 நிமிடம்.